பழைய எம்ஜிபி கார்: டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு, அப்படியே மீட்டர்களும்

என் 1965 மாடல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் டேங்க் பாதி காலியான பிறகும் பெட்ரோல் முள் ஃபுல்லிலேயே நிற்கும். மீட்டர் போய்விட்டது என்று நினைத்து வேறு ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் ஃபுல்தான். நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்து நின்ற பிறகுதான் டேஷ்போர்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். குற்றவாளி துருப்பிடித்த ஓர் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. அதனால் மீட்டரைச் சரிசெய்வதானாலும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் மாட்டுவதானாலும், பாகங்கள் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்.

முதலில் எர்த்

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை, பேட்டரி எர்த், கறுப்பு ஒயர்கள் பாடியில் சேரும் இடங்கள் எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். அரை நாள் போகும். போகட்டும்.

துருவத்தை மாற்றுதல்

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். லூகாஸ் 16ஏசிஆர் போன்ற ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் திருப்பி வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடத் தடிமன் என்பதால் பழைய கிளாம்ப் பொருந்தாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்றுங்கள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயர் இனி மைனஸில். செல்ஃப் மோட்டாரைத் தொடவேண்டாம், எந்தத் துருவத்திலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். பழைய துருவத்துக்கான ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஆல்டர்னேட்டர்

வண்டியில் இருக்கும் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 16ஏசிஆர் 34 ஆம்பியர். அதைப் பழைய ஒயர் தாங்கும் என்று நம்பாதீர்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் சோலனாய்டில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பேட்டரி ஒயர் சேரும் போல்ட்டுக்கு 6 சதுர மி.மீ. ஒயர் புதிதாக இழுங்கள்.

அப்புறம் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய கன்ட்ரோல் பாக்ஸ். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால் இதற்கு இனி வேலை இல்லை. 'பி' முனையின் பிரவுன் ஒயர்களை ஒன்றாகச் சேருங்கள். 'எஃப்' ஒயரை 'டபிள்யூஎல்' (சார்ஜ் விளக்கு) ஒயரோடு இணைத்து, 'எஃப்' ஒயரின் மறுமுனையை ஆல்டர்னேட்டரின் சின்ன முனையில் செருகுங்கள். சிவப்பு சார்ஜ் விளக்கு எரிவது இந்த வழியில்தான். அந்த பல்பு ஃப்யூஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜே ஆரம்பிக்காமல் போகலாம். 'டி' ஒயரின் இரு முனைகளையும் டேப் சுற்றி ஒதுக்குங்கள். வண்டியை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி வந்தால் சரி.

ஃப்யூஸில் ஒரு விஷயம். பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். அந்த இடத்தில் 35 ஆம்பியர் நவீன ஃப்யூஸைப் போட்டால், ஃப்யூஸுக்கு முன்பே ஒயர் உருகலாம்.

மீட்டர்கள்

பெட்ரோல் மீட்டருக்கு நேராக 12 வோல்ட் போவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்ற சின்ன டப்பா இருக்கும். உள்ளே ஓர் ஈருலோகப் பட்டை சூடாகி விட்டுவிட்டுத் தொட்டு, சராசரியாக 10 வோல்ட் அனுப்பும். டப்பாவுக்கு எர்த் இல்லையென்றால் பட்டை சூடாகாது, முழு வோல்ட்டேஜும் உள்ளே போய் முள் ஏறி நிற்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். எர்த்தைத் தேய்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் மாட்டலாம், நெகட்டிவ் எர்த்துக்கானதா என்று பார்த்து.

சோதிக்க: சாவியை ஆஃப் செய்து, டேங்கில் உள்ள பச்சை-கறுப்பு ஒயரைக் கழற்றி பாடியோடு இணையுங்கள். பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி கூடாது, அதனால்தான் இணைத்த பிறகு சாவி. சாவியைப் போட்டால் முள் மெதுவாக ஃபுல்லுக்கு ஏறும். உடனே ஆஃப் செய்யுங்கள். ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு டேங்கில் பெட்ரோல் அளவை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் கருவியில் (sender).

ஆர்பிஎம் மீட்டர் பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தது. உள்ளே ஒயர்களைத் திருப்பிச் சாலிடர் செய்ய வேண்டும். முதல் முறை என்றால் மீட்டர் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்த இரட்டை மீட்டருக்கு மின்சாரமே கிடையாது. அதன் மெல்லிய செம்புக் குழாயை ஒயர் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.