மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? ஓகஸ்டில் மரம் நட வேண்டாம்

ஜூலை பிறந்தால் வட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளைகளோடு வருகிறோம். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகாமல் ஊருக்கும் சூழலுக்கும் ஏதாவது செய்ய ஆசை. மரம் நடலாமா?" கொழும்பு, யாழ்ப்பாணம், லண்டன், டொரன்டோ, எங்கிருந்து வந்தாலும் கேள்வி இதுதான். எண்ணம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்துப் பெண்களும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு சின்ன நாற்றுமேடை வைத்திருக்கிறார்கள். லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் தரும் ஊற்றுகளைச் சுற்றிக் காட்டை மீட்பதுதான் வேலை. வருகிற குடும்பங்களை அழைத்துப் போவது என் பொறுப்பு. ஆரம்பத்தில் நாங்கள் ஆடிய அதே கூத்தைப் புதிதாக வருகிறவர்களும், புதிதாகத் தொடங்கும் குழுக்களும் திரும்ப ஆடுகிறார்கள். அதனால்தான் அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். குப்பை போடாதே, கத்தாதே என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

லீவுக்கு ஏற்றபடி மரம் நடுவது

மலைநாடு என்றாலே எந்நேரமும் மழை என்ற நினைப்பில் தொடங்கும் தவறு இது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே கடைசியிலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும். ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு முகட்டைத் தாண்டி எங்கள் ஊவா மாகாணத்துக்குள் வரும்போது அது வெறும் காய்ந்த காற்று. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை எல்லாம் அந்தக் காற்றில் வாடும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதும் இந்தக் காலத்தில்தான். தேயிலைக்கு யோகம், நாற்றுக்கு எமன். எங்கள் பக்கத்தில் நடுகைக் காலம் ஒக்டோபர் மழையில் தொடங்கி, வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் டிசம்பர் வரைக்கும். உங்கள் லீவு விழுவதோ ஓகஸ்டில்.

ஒரு சுற்றுலா நிறுவனம், பெயர் வேண்டாம், 'பசுமைக் குடும்பச் சுற்றுலா' என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. அறை வாடகையோடு மரத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். குடும்பம் காலை பத்து மணிக்கு வந்து இறங்கும் என்று சொல்லி, முதல் நாளே குழி வெட்டி வைக்கச் சொன்னார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் நான்கு பேர் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு வந்து வெட்டினார்கள். நிலம் இறுகிக் கிடந்தது, மம்பட்டி போட்டால் தெறித்தது. அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து நின்று சொன்னார்: "ஆடிக் காத்துல வச்சா நிக்குமா தம்பி? ஐப்பசி மழைக்குப் பாப்பம்னு சொல்லுங்க." சொன்னோம். "ஆட்கள் வருவது இப்போதுதானே" என்று பதில் வந்தது.

வந்த குடும்பத்தில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன். நாற்றைக் கறுப்புப் பொலித்தீன் பையோடு அப்படியே குழிக்குள் இறக்கினான். பக்கத்தில் நின்ற அக்கா அதை எடுத்து, பிளேடால் பையைக் கீறிக் காட்டினார். அடியில் வேர் வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது. நிறுவனம் எங்கேயோ வாங்கி வந்த நாற்று, பையிலேயே காலம் கடந்து நின்றது. அந்தச் சுருளை வெட்டிவிடாமல் நட்டால் வேர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும், பலத்த காற்று அடித்தால் மரம் சாயும். பையன் மண்ணை உதிர்த்துவிட்டு வேரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினான். அதற்குள் அப்பா, "இங்கே பார், சிரி" என்று போனைத் தூக்கிவிட்டார். அன்றைக்கு உருப்படியாக நடந்த ஒரே காரியம் அந்த ஒரு நிமிடம், அதையும் கெடுத்தாயிற்று.

செப்டெம்பர் முடிவதற்குள் எல்லாம் குச்சியாகிவிட்டன. பிள்ளைகளின் பெயர் எழுதிய பலகைகள் மட்டும் வரிசையாக நின்றன. அடுத்த வருடம் அந்தப் பையனின் அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பினார், "எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள்" என்று. நிறுவனம் அனுப்பிய படமாம். படத்தில் இருந்தது ரோட்டோரத்துக் கிரவிலியா. ஒரு வருடத்தில் லயத்துக் கூரையைத் தாண்டி நிற்கிற மரம் எந்த ஊரில் உண்டு? குழி வெட்டிய பெண்களுக்குக் கொடுத்தது அரைப்பேருக்கும் காணாது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

காலம் மட்டும் பார்த்தால் போதாது, எங்கே, என்ன மரம் என்பதும் உண்டு. மலைச்சரிவில் புல் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இங்கே நடலாமே, வெறுமையாகக் கிடக்கிறது" என்பார்கள். அது வெறுமை இல்லை. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் தமக்கே உரிய செடி, பூச்சி, பறவைகளோடு இருப்பவை. 1970களிலும் 80களிலும் அவற்றில் பைனஸ் நட்டுத் தள்ளினார்கள். இன்று அந்தத் தோப்புகளுக்குள் போய்ப் பாருங்கள், காய்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும், கீழே வேறொன்றும் சரியாக முளைக்காது. வறட்சியில் ஒரு தீக்குச்சி போதும். ஊற்றுக்கு மேலே யூகலிப்டஸ் நடுவதும் அப்படித்தான், தண்ணீரை உறிஞ்சிவிடும். அங்கே நிற்க வேண்டியவை இந்த மலைக்குச் சொந்தமான மரங்கள்: காட்டு நாவல் இனங்கள், காட்டுச் சண்பகம், இன்னும் உயரத்தில் கீன.

அப்புறம் நிலம். தோட்டத்து நிலம் அரசுடையது, பெரும்பாலான தோட்டங்களை 1992இலிருந்து கம்பனிகள்தான் நடத்துகின்றன. லயத்தில் இருப்பவர் "நடுங்க சார்" என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. கம்பனியின் கடிதம் இல்லாமல் நட்ட கன்று, அடுத்த முறை அந்த மலையைத் துப்புரவாக்கும்போது போய்விடும். கேள்வி கேட்க முடியாது.

நட்ட பிறகுதான் உண்மையான வேலை. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து கன்றை மூடிவிடும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது சுற்றிலும் களை எடுக்க வேண்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு. வறட்சி பிடிப்பதற்கு முன்னால், தீ தாண்டாதபடி ஓரத்துப் புல்லை அகலமாகச் செதுக்கிவிட வேண்டும். நடுவதைவிட இதற்குத்தான் அதிகம் செலவாகும். இதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை, அதனால் இதற்குக் காசும் வருவதில்லை.

ஆகவே யாராவது உங்களை மரம் நட அழைத்தால் கேளுங்கள்: நிலம் யாருடையது, என்ன மரம், மூன்று வருடத்துக்குக் களை எடுப்பது யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது. மழுப்பினால் காசை வெளியே எடுக்காதீர்கள்.

சரி, ஓகஸ்டில் வந்தால் பிள்ளைகள் என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. நாற்றுமேடையில் மண் சலித்துப் பை நிரப்பலாம். நாவற்பழத்தைப் பிசைந்து கொட்டையைக் கழுவலாம், கை ஊதா நிறமாகிவிடும், பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம். ஊற்றில் தண்ணீர் அளக்கலாம். குழாய்க்குக் கீழே பத்து லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று போனில் பார்த்து, அங்கே இருக்கும் கொப்பியில் திகதியோடு எழுத வேண்டும். முந்தைய பக்கங்களைப் புரட்டினால் மழைக்காலத்துக் கணக்கும் இருக்கும். ஒரு சிறுமி இரண்டையும் பார்த்துவிட்டு, "அப்ப இவங்க இந்த மாசம் எப்படிக் குளிப்பாங்க?" என்று கேட்டாள். மரத்துக்கென்று வைத்திருந்த காசை அந்த வருடத்துக் களையெடுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள், பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

டிக்கட் காசு ஊருக்குப் போகும் என்று நினைப்பது

ஹோட்டன் சமவெளிக்கு நீங்கள் வாங்கும் டிக்கட் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. பூங்காவைப் பராமரிக்க அது வேண்டும்தான். ஆனால் பக்கத்து ஊருக்கு உங்களால் வருமானம் வருவது எங்கே படுக்கிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள், யாரோடு நடக்கிறீர்கள் என்பதில்தான். கொழும்பிலிருந்து வானும் வழிகாட்டியும் பிஸ்கட் பெட்டியும் ஏற்றிக்கொண்டு வந்து, 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறைச் சரிவைப் பார்த்துவிட்டு அதே வானில் இறங்கிப் போனால் ஊருக்கு மிஞ்சுவது புகைதான். வழிகாட்டியை ஊரிலேயே எடுங்கள். ரொட்டியும் கட்டைச்சம்பலும் ஊரிலேயே சாப்பிடுங்கள். பேரம் பேசுவதைப் பெரிய ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரைக்குப் பிஸ்கட்

கொடுக்காதீர்கள். உறையோடு சேர்த்து விழுங்கும்.

ஊற்றுக்கு மேலே குளிப்பது

"லயத்து ஆட்களே சவர்க்காரம் போட்டுத்தானே குளிக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அவர்கள் குளிக்கும் பீலி (தண்ணீர் கொட்டும் குழாய்), குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் ஷம்பு போத்தலோடு இறங்கும் அருவி அதற்கு மேலே. எங்கே இறங்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒரு வாரத்தில் கண்டி, நுவரெலியா, எல்ல, நக்கிள்ஸ்

பாதி நாள் வானுக்குள் போய்விடும், பிள்ளைகள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பார்கள். இரண்டு இடம் போதும். ஒரே ஊரில் மூன்று நான்கு இரவு தங்கினால்தான் இரண்டாம் நாள் ஊர்ப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளை விளையாடக் கூப்பிடுவார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டொபி, பேனை

வீதியில் வைத்துக் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்து அதிபரிடம் என்ன தேவை என்று கேளுங்கள்.

இரவில் புலி பார்க்கப் போவது

தோட்டத்தில் புலி என்றால் சிறுத்தைதான். காட்டுத் துண்டுகளுக்கும் தேயிலைக்கும் இடையில் அது வந்து போகிறது, அதே பாதையில் விடிகாலையில் ஆட்கள் மலைக்குப் போகிறார்கள். உங்களுக்காக டோர்ச் அடித்துத் தேடி அதை லயத்துப் பக்கம் விரட்டிவிட்டால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். "காட்டுகிறேன்" என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவரோடு போகாதீர்கள்.

பகலில் நடக்கும்போது வேறொன்றைக் கவனியுங்கள். தோட்டத்து எல்லைகளில் காட்டுப்பன்றிக்கு என்று கம்பிச் சுருக்கு வைப்பார்கள், சிறுத்தையும் அதில் மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி மாட்டிக்கொண்டு, பிறகு செத்துப்போனது. பிள்ளைகள் கண்ணுக்குத்தான் கம்பி முதலில் படும், அவர்கள் உயரம் அப்படி. இழுத்துப் பார்க்க விடாதீர்கள். இடத்தைப் படம் எடுத்து வழிகாட்டியிடம் கொடுங்கள், அவர் வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்வார். யார் வைத்தது என்று ஊருக்குள் விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். நீங்கள் நாளைக்குப் போய்விடுவீர்கள், வழிகாட்டி அங்கேதான் இருக்க வேண்டும்.

ட்ரோன்

வீட்டிலேயே இருக்கட்டும்.