குறைந்த செலவில் முதல் மாடல் ரயில்

இடமும் பட்ஜெட்டும் சிறிதென்றால் 1:160 அளவுள்ள, அதாவது நிஜ ரயிலில் 160-ல் ஒரு பங்கான ‘என்’ ஸ்கேல்தான் சரி. 60 × 120 செ.மீ. பிளைவுட்டில் முழு வளையம் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய 1:87 ‘எச்ஓ’ ஸ்கேலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வேண்டும்.

என்ஜினில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டிகள் பழையவையே போதும். ஒரு வளையம், தடம் பிரியும் ஒரு பாயிண்ட், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்த ஒரு சைடிங் (பக்கத்தடம்) என்று தொடங்குங்கள். பாயிண்ட் கூடக் கூடச் செலவும் கூடும், தடம்புரள்வதும் கூடும்.

தண்டவாளத்தை உடனே ஒட்டிவிடாதீர்கள். சிறு ஆணிகளால் பிடித்து ஓட்டிப் பாருங்கள். இணைப்புகளின் மேல் நகத்தை இழுத்தால் இடறக் கூடாது. இடறும் இடத்தில்தான் சக்கரம் ஏறி இறங்கும். வளையத்தின் மறுகோடியில் ரயில் சோர்ந்தால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் இணைப்புத் தகடுகளில் வோல்டேஜ் குறைகிறது. மின்சாரம் தரும் கன்ட்ரோலரிலிருந்து அங்கே இன்னொரு ஜோடி வயரைக் கொண்டுவந்து சால்டர் செய்யுங்கள், உள் தண்டவாள வயர் உள்ளுக்கே, மாறினால் ஷார்ட். திக்கித் திக்கி ஓடினால் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் அடையும்.