பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எது கூடப் பிறந்தது, எது பிறகு வந்தது?

அப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி. ஜனதா. ஐ.சி.எஃப்-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மிச்சம் பிடித்த காசில் வாங்கியது என்று சொல்வார். வெள்ளையாக இருந்த டயல் நாளாவட்டத்தில் பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிட்டது. 4-க்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு கறை. அவர் போன பிறகு வாட்ச் நின்றுபோக, ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது பளீரென்ற வெள்ளை டயலோடு நீட்டினார் கடைக்காரர். "டயல் ரொம்பக் கெட்டுப்போயிருந்தது தம்பி. புதுசா அடிச்சுட்டேன். அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

பழைய பூச்சைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் புதுப் பூச்சு அடிப்பார்கள். எடுத்தது திரும்ப வராது. அவர் என்னை ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது உபகாரம். டயலைத் தொடாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த மிளகளவு கறையை இன்றும் தேடுகிறேன். பழைய வாட்சுகளைக் கவனிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். சென்னையில் பழைய வாட்ச் வாங்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

"ஒரிஜினலா?" என்று மட்டும் கேட்பது

கடைக்காரரிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. அவரும் "ஒரிஜினல்தான் சார்" என்பார். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மெஷின், அதாவது உள்ளே ஓடுகிற இயந்திரம், ஒரிஜினல் என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார், முழு வாட்சும் என்று நாம் எடுத்துக்கொள்வோம். சாவி கொடுக்கிற ஒரு சாதாரண வாட்சிலேயே நூறுக்கு மேல் உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு.

நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். ஆலையை விட்டு வந்தபோதே இருந்தது ஒன்று. அதே கம்பெனி பிற்பாடு சர்வீஸுக்கென்று செய்து கொடுத்த பார்ட் இன்னொன்று. இது போலி இல்லை, ஆனால் எழுத்தின் வடிவமோ முள்ளின் நிறமோ கொஞ்சம் மாறியிருக்கலாம். வேறு வாட்சிலிருந்து கழற்றிப் போட்டது, பட்டறையில் செய்தது, மேலே பெயின்ட் அடித்தது எல்லாம் மூன்றாவது வகை. இப்படிப் பல வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கியதைச் சேகரிப்பவர்கள் 'ஃபிராங்கன்' என்பார்கள். எனக்கு 'ஒட்டு வாட்ச்' என்ற சொல் போதும்.

எல்லா மாற்றத்துக்கும் பயப்படுவதும் தவறுதான். மெயின்ஸ்பிரிங், கண்ணாடி, ரப்பர் வளையம், ஸ்ட்ராப் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை. ஐம்பது வருடம் ஓடிய வாட்சில் மெயின்ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்கள் என்றால் யாரோ அதைப் பராமரித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டும். சாவி கொடுக்கும் குமிழும் தேயும், அதை மாற்றியிருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். டயல், முட்கள், கேஸ் என்கிற வெளிக்கூடு, மெஷின் இந்த நான்கும்தான் வாட்சின் அடையாளம். அங்கே நடந்த மாற்றம் வெளியே சொல்லப்பட வேண்டும். எது மாறியிருக்கிறது என்று விற்பவர் தானாகச் சொன்னால், அவரிடம் அடுத்த வாட்சும் வாங்கலாம்.

பளபளக்கிற டயலைப் பார்த்து மயங்குவது

பெரும்பாலானோர் பணம் இழப்பது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பங்குனி தொடங்கி மணிக்கட்டில் வியர்வை நிற்காது. சாவிக் குமிழ் வழியாகவும் கண்ணாடியின் விளிம்பு வழியாகவும் ஈரம் உள்ளே போகும். சென்னையில் தினமும் கட்டிய ஒரு வாட்சின் டயல் ஓரத்தில் நிறம் மாறியிருப்பதும், வார்னிஷ் சிலந்தி வலை போல வெடித்திருப்பதும் இயல்பு. கேஸ் ஐம்பது வயது சொல்கிறது, டயல் ஐந்து வயது சொல்கிறது என்றால் உடனே நிறுத்திக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். ஆலையில் அச்சடித்த எழுத்து தகட்டின் மேல் மெல்லிய மேடாக நிற்கும், ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். கையால் மறுபடி அடித்ததில் எழுத்துகள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மை கசிந்த மாதிரி தெரியும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக வராது. தேதி ஜன்னலின் விளிம்பில் பெயின்ட் வழிந்திருக்கும். சுவிஸ் வாட்சுகளில் 6-க்குக் கீழே பொடி எழுத்தில் இருக்க வேண்டிய 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' காணாமல் போயிருக்கும், அல்லது பாதி கண்ணாடி வளையத்துக்குள் மறைந்திருக்கும்.

எச்.எம்.டி.யும் சீக்கோ 5-உம் அதிகம் மறுபூச்சு காண்பவை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் உற்பத்தி தொடங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒரு தலைமுறையின் முதல் சம்பள வாட்ச் அது. ஆலை மூடப்படுகிறது என்றதும் தேடல் கூடியது, தேடல் கூடியதும் பூச்சும் கூடியது. கிளிப்பச்சை, ரோஜா, ஆரஞ்சு நிறங்களில் டயல் அடித்து, எச்.எம்.டி.யின் மாடல் பெயரான 'பைலட்' என்று எழுதி விற்கிறார்கள். இந்த ரகத்துக்கே 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வந்துவிட்டது. கட்டி அழகு பார்க்க வாங்கினால் தப்பில்லை. சேகரிப்பு என்று நினைத்து, அந்த விலை கொடுத்து வாங்கினால்தான் வருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் விற்ற கடையின் பெயரும் டயலில் இருப்பதுண்டு. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கிற பி. ஓர் அண்ட் சன்ஸின் பெயர் பொறித்த வாட்சுகள் நம் ஊருக்கே உரியவை. மறுபூச்சு அடிக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த மாதிரி இரண்டாவது பெயர்தான். மங்கியிருந்தாலும் அது அப்படியே இருக்கிற டயலை நான் எந்தப் பளபளப்புக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இருட்டில் மின்னுவதை நல்ல அறிகுறி என்று நினைப்பது

நம்மவர்கள் இருட்டில் ஒளிர்கிற எல்லாவற்றையும் 'ரேடியம்' என்பார்கள். உண்மையான ரேடியம் பூச்சு 1960கள் வரை வாட்சுகளில் இருந்தது. பிறகு டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்தது. 'சுவிஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில 'டி' (T) எழுத்து இருந்தால் அது டிரிட்டியத்தைக் குறிக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12 வருடம், ஆகவே பழைய டிரிட்டியம் இன்று அநேகமாக மங்கிப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிலேயே தீய்ந்துபோகிறது. அதனால் 1960களின் வாட்ச் என்று சொல்லி விற்கிற ஒன்று, டார்ச் அடித்த பிறகு வெகுநேரம் பச்சையாக ஜொலித்தால் அந்தப் பூச்சு சமீபத்தியது.

முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே நிறத்தில் மூத்திருக்க வேண்டும். ஒன்று பழுப்பும் ஒன்று வெள்ளையுமாக இருந்தால் முள் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். முள்ளின் நீளத்தையும் பாருங்கள். நிமிட முள் நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். எட்டாமல் குட்டையாக நின்றால் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ரேடியம் ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. பழைய ரேடியம் பூச்சு உதிர்ந்து தூளாகும், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டிப் பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

பின்மூடியைத் திறக்காமல் வாங்குவது

விற்பவர் முன்னால் பின்மூடியைத் திறக்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். தெரிந்த கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் வாட்ச் அங்கேயே இருக்கட்டும்.

கற்றுக்கொள்ளத் தோதானது சீக்கோ. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தது, பர்மா பஜாரில் வாங்கியது என்று சென்னையில் பல வீடுகளில் ஒன்று கிடக்கும். பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, இன்னும் நான்கு இலக்கம் என்று ஒரு எண் இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். டயலின் அடியிலும் பொடியாக மெஷின் எண் அச்சாகியிருக்கும். பின்மூடியில் 6119, டயலில் 7009 என்றால் இரண்டும் வேறு வேறு வாட்சுகளிலிருந்து வந்தவை. தனியாக உள்ள சீரியல் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். நவம்பருக்கு 'என்' (N), டிசம்பருக்கு 'டி' (D) என்று எழுத்து வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 7எஸ்26 மெஷின் 1990களில் வந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு எழுபதுகளின் சீக்கோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐம்பது, அறுபதுகளின் ஒமேகாவில் சீரியல் எண் மெஷின் மேலேயே இருக்கும், கேஸின் எண் பின்மூடியின் உட்புறம் இருக்கும். இரண்டையும் படம் எடுத்து வீட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட ஒமேகாவில் கண்ணாடியின் நட்ட நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவில் கம்பெனியின் சின்னம் இருக்கும். அது இல்லையென்றால் கண்ணாடி மாற்றியது, அவ்வளவுதான். அதற்காக வாட்சையே ஒதுக்க வேண்டாம்.

டயலில் ஒரு சுவிஸ் பெயர், திறந்தால் உள்ளே எச்.எம்.டி. மெஷின். இதுவும் நடக்கிறது. ஆனால் இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெஸ்ட் எண்ட், காமி போன்ற சுவிஸ் வாட்சுகளைத் திறந்ததும் உள்ளே வேறொரு கம்பெனியின் முத்திரையைப் பார்த்து, போலி என்று வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பல சுவிஸ் கம்பெனிகள் ஈட்டா, ஏ.எஸ். போன்ற ஆலைகளிடம் மெஷின் வாங்கித்தான் வாட்ச் செய்தன. அதில் குற்றமே இல்லை. அந்தப் பெயர் அந்தக் காலத்தில் யாருடைய மெஷினைப் பயன்படுத்தியது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

கேஸ் விஷயத்தில் புதியவர்கள் சறுக்குவது 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்ற சொற்களில். பின்மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அதற்கு அர்த்தம். மேல் பகுதி குரோம் அல்லது தங்க முலாம் பூசிய பித்தளையாக இருக்கலாம். வியர்வைக்கு அது முதலில் ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்புகளில் அரிக்கும். அரித்ததை மறைக்க மறுபடி முலாம் போட்டால் ஓரங்கள் எல்லாம் சோப்புக்கட்டி போல மழுங்கிவிடும். பாலிஷும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகிறது. கீறலோடு கூர்மையாக இருக்கிற கேஸைத்தான் நான் எடுப்பேன்.

வாங்கிய பிறகு நாமே கெடுப்பது

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வாயால் சொன்னால் போதாது. ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்: "டயல், முள், கேஸ் தொட வேண்டாம். பாலிஷ் வேண்டாம். கழற்றிய பார்ட் எல்லாம் திருப்பித் தரவும்." கொடுப்பதற்கு முன் டயலையும் மெஷினையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இப்போது நான் கொடுக்கிற அண்ணன், கழற்றிய உடைந்த ஸ்பிரிங்கைக்கூட ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து வாட்சோடு தந்துவிடுவார்.

அந்தப் பொட்டலங்களைத் தேதி எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பாவின் ஜனதாவும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வேன், நன்றாக ஓடுகிறது. அதன் பெட்டிக்குள் ஒரு சீட்டு: "மெஷின், கேஸ், முள் கூடப் பிறந்தவை. டயல் மறுபூச்சு. முன்பு டீ நிறம், 4-க்குப் பக்கத்தில் சின்னக் கறை."