அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினோம்

அம்மாவின் முதல் புகாரில் "என் மகன் என்னை மிரட்டினான்" என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். காவல் நிலையத்தில் படித்துவிட்டு, "குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று ராத்திரி அம்மா பக்கத்து வீட்டில்தான் படுத்தார்.

அப்புறம் மாற்றி எழுதினோம். என்ன தேதி, எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள், அண்ணன் வாயில் வந்தது என்ன: "வீட்ட எம்பேருக்கு எழுதிக் குடுக்கலன்னா உள்ள வெச்சுக் கொளுத்திடுவேன்." எழுதக் கை கூசும். ஆனாலும் எழுதுங்கள். தண்டனையே அந்த வார்த்தையைப் பொறுத்துத்தான். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் (2024 ஜூலைக்கு முன் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது இ.பி.கோ. 506) சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொல்வேன், கொடுங்காயம் செய்வேன், சொத்தைக் கொளுத்துவேன் என்றால் சிறை 7 ஆண்டு வரை போகும். பெற்ற மகன் என்று சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. எதற்காக மிரட்டினார், பயந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேருங்கள். பக்கத்து வீட்டில் படுத்ததை நாங்கள் எழுதினோம். வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள்.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

அம்மாவுக்கு மகனை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வரவில்லை. அதற்காக அம்மாவைத் திட்ட எனக்கும் மனசு வரவில்லை. ஜெயிலுக்கு அனுப்பாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், ஒரே வீட்டில் வாழும் மகன் மேல் தாயும் மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். இனி மிரட்டக் கூடாது என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடுவார். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கு வக்கீல் இலவசம், 15100-ல் கேளுங்கள். ஆலோசனைக்கு 181. ஆள் வாசலில் நின்று கத்துகிறார் என்றால் யோசிக்காமல் 112.

உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்கும் போகும். எங்களுக்கு வந்ததை அம்மா பீரோவில் பட்டாவோடு வைத்திருக்கிறார். அதன் படம் என் போனிலும் இருக்கிறது.