ஆலை மூடுகிறதா? கேட் பூட்டுவதற்குள் செய்ய வேண்டியவை

ஆலையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து கேண்டீனில் ஒரே பேச்சு, செட்டில்மென்ட் எவ்வளவு என்பதுதான். அது நியாயமான பேச்சு. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதமும் அதிலேயே போய்விட்டால், கடைசி நாளில் கையில் பணம் இருக்கும், அடுத்த வேலைக்கான வழி இருக்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர், ஓசூர் பக்கம் சங்கத்திலோ தொண்டு அமைப்பிலோ இருந்துகொண்டு, வேலை இழக்கும் தோழர்களுக்கு உதவ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். வேலையை இழந்தவரே படித்தாலும் பயன்படும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 300 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 90 நாளுக்கு முன்பே அரசிடம் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவுதான். எச்.ஆர் அலுவலகத்தில் ஆள் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை, கேட் பூட்டிய பிறகு ஆறு மாத அலைச்சலாக மாறிவிடும்.

'ராஜினாமா' என்ற ஒரு வார்த்தை

முதலில் கடிதத்தின் வாசகத்தைப் பாருங்கள். ஆட்குறைப்பு, ஆலை மூடல், விருப்ப ஓய்வு, ராஜினாமா என்று நான்கு விதமாக எழுதலாம். ஆள் வெளியே போவது ஒன்றுதான், ஆனால் கிடைக்கும் உரிமைகள் ஒன்றல்ல. விருப்ப ஓய்வில் தொகை கூடுதலாக வரலாம். அதே சமயம், தானாக விலகியவருக்கு இ.எஸ்.ஐ-யின் வேலையின்மை உதவி கிடையாது. ஆட்குறைப்புக்கு உரிய மறுபயிற்சித் தொகையும் கிடையாது. எனவே கூடுதல் தொகை இந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். 'எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்' என்று நீட்டப்படும் தாளில் ராஜினாமா என்று அச்சடித்திருந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

மறுபயிற்சித் தொகை பற்றிப் பலருக்கு இன்னும் தெரியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை நிர்வாகம் மறுபயிற்சி நிதிக்குச் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். இது ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குள் அடங்காது, தனி. 'இது மூடல், ஆட்குறைப்பு இல்லை' என்று நிர்வாகம் வாதிட இடம் இருப்பதால், செட்டில்மென்ட் ஒப்பந்தத்திலேயே இந்த 15 நாளைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

இழப்பீட்டுக்குச் சட்டம் சொல்லும் அளவு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அது அடிமட்டம்தான். 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திய மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் நிர்வாகம் கடைசியாக அறிவித்தது ஆண்டுக்குச் சராசரி 130 நாள் சம்பளம். அதுவும் போராட்டத்துக்கும் பல சுற்றுப் பேச்சுக்கும் பிறகு.

கிராஜுவிட்டி கணக்கை அவரவர் கையால் போட்டுப் பார்க்க வையுங்கள். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், சர்வீஸ் 12 ஆண்டு 7 மாதம் என்றால் 13 ஆண்டாகக் கொண்டு 1,95,000 ரூபாய். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் கணக்கில் சேரும். அடிப்படையைக் குறைத்துப் படிகளைக் கூட்டி வைத்திருக்கும் ஆலைகளில் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

பி.எஃப், இ.எஸ்.ஐ: பெயர் பொருந்துகிறதா?

பி.எஃப் சிக்கல்களில் பாதி நம் ஊர் இனிஷியலால் வருவது. பி.எஃப் பதிவில் 'கே. முருகன்', ஆதாரில் 'முருகன் கந்தசாமி', பான் அட்டையில் 'கந்தசாமி முருகன்'. ஆள் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். பழைய யு.ஏ.என் (பி.எஃப் உறுப்பினர்) எண்களில் இதைத் திருத்த நிர்வாகத்தின் ஒப்புதலோடு கூட்டு அறிவிப்பு தேவைப்படும். ஒரு சனிக்கிழமை லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், சேர்ந்த தேதி, வங்கிக் கணக்கு ஐந்தையும் சரிபாருங்கள். திருத்தம் வேண்டியவர்களின் பட்டியலை மொத்தமாக எச்.ஆரிடம் கொடுங்கள். விலகிய தேதியை நிர்வாகம் பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதியலாம்.

பி.எஃப் பணத்தை முழுதாக எடுக்க எல்லோரும் துடிப்பார்கள். மொத்த சர்வீஸ் 10 ஆண்டு ஆனால்தான் ஓய்வூதியத் தகுதி வரும். எட்டு ஒன்பது ஆண்டு முடித்தவர் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். அவருக்கு வேண்டியது படிவம் 10சி மூலம் கிடைக்கும் திட்டச் சான்றிதழ். அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் பழைய சர்வீஸ் ஒட்டிக்கொள்ளும்.

இ.எஸ்.ஐ-யில் இருந்தவர்களுக்கு இரண்டு உதவிகள் உண்டு. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம் கிடைக்கும். குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா செலுத்தியிருக்க வேண்டும். குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். தொழில்பயிற்சிக்குப் போனால் கட்டணத்தையும் பயணச் செலவையும் இ.எஸ்.ஐ.சி ஏற்கும். நம் வேலைக்கு இதுதான் நேரடியாகப் பொருந்தும் திட்டம், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். இன்னொன்று அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா: 90 நாள் வரை, தினச் சராசரிச் சம்பளத்தில் பாதி, வாழ்நாளில் ஒருமுறை. இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நிர்வாகம் இ.எஸ்.ஐ தளத்தில் பதியும் விலகல் காரணம் முக்கியம். 'ஆட்குறைப்பு' என்று போட வேண்டிய இடத்தில் வெறுமனே 'வேலையை விட்டார்' என்று கிளார்க் தட்டிவிட்டால் மனு திரும்பி வரும். பதிந்த பக்கத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ வரம்பை விட்டு வெளியேறியவர்களுக்கு இவை பொதுவாகக் கிடைக்காது. நிரந்தரத் தொழிலாளர் பலர் அந்த நிலையில் இருப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கோ பெரும்பாலும் கிடைக்கும். அவர்களைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

'ஆபரேட்டர்' என்றால் என்ன வேலை?

எங்கள் பார்வையில் மொத்த வேலையின் உயிர் இங்கேதான். 14 ஆண்டு பெயின்ட் ஷாப்பில் இருந்தவரிடம் என்ன தெரியும் என்று கேட்டால் 'பெயின்ட் ஷாப் ஆபரேட்டர்ங்க' என்பார். இந்தப் பதிலை வைத்து வெளியே யாரும் வேலை தர மாட்டார்கள். ஒருவருக்கு 45 நிமிடம் ஒதுக்கி, இப்படிக் கேளுங்கள்: எந்தக் கம்பெனி மிஷின்? அலாரம் அடித்தால் மெயின்டனன்ஸ் வருவதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள்? மாடல் மாறும்போது செட்டிங் யார் செய்தார்? எதை வைத்து அளந்தீர்கள்? எந்தத் தாளில் எழுதினீர்கள்? புதுப் பையனுக்கு முதல் வாரம் எதைச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

அப்போது வரும் பதில் வேறு. அடியில் துளையுள்ள பி4 கப்பில் பெயின்ட்டை ஊற்றி ஸ்டாப்வாட்ச் வைத்து எத்தனை விநாடியில் வடிகிறது என்று பார்த்து தின்னர் சேர்த்திருப்பார். காய்ந்த பிறகு மைக்ரான் மீட்டரில் படலத் தடிமன் அளந்திருப்பார். சீலர் ரோபோ வழிதவறினால் அதை இயக்கும் கைப்பெட்டியான டீச் பென்டன்ட்டை எடுத்துப் பாயின்ட்டைத் திருத்தியிருப்பார். பெயின்ட்டில் பொடிப் புள்ளி விழுந்தால் ஃபில்டரா, ஏர் பிரஷரா, முந்தின ஷிஃப்ட் துடைக்காததா என்று புள்ளியைப் பார்த்தே சொல்லியிருப்பார். இப்போது அவர் கோட்டிங் தர ஆய்வாளர், பவுடர் கோட்டிங் யூனிட்டின் லைன் பொறுப்பாளர், ரோபோ ஆபரேட்டர் ஆகிய மூன்று வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுந்தவர்.

மொபைல் போன் அசெம்பிளியில் இருந்த பெண்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோது வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 'லைன்ல உட்கார்ந்தேன்' என்று சுருக்கிச் சொல்பவர், மிஷினுக்கு உதிரிபாகம் ஊட்டும் ஃபீடரை மாற்றியிருப்பார், மைக்ராஸ்கோப்பில் சோல்டர் குறை பார்த்திருப்பார், நுண்ணிய டச்-அப் சோல்டரிங் செய்திருப்பார். இவர்களுக்கு வேலை தேடும்போது சம்பளத்துக்கு முன் பஸ் ரூட்டைப் பாருங்கள். கம்பெனி பஸ் வராத ஊரில் இரவு ஷிஃப்ட் வேலை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இந்தப் பதில்களை ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் திறன் தாளை வைத்துத்தான் அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டும். எச்.ஆர் தருவது 'அசோசியேட், புரொடக்‌ஷன்' என்ற இரண்டு வார்த்தைதான். மிஷின் பெயர்கள், செய்த வேலைகளை நான்கு வரியில் நீங்களே டைப் செய்து கொண்டுபோனால் பெரும்பாலும் கையெழுத்திட்டுத் தருவார்கள். கேட் பூட்டிய பிறகு அதைத் தர ஆளே இருக்க மாட்டார்.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

கைவசம் இருப்பதிலிருந்து ஒரு படி தள்ளி இருப்பதைக் கற்பதுதான் சீக்கிரம் பலன் தரும். கணினி இயக்கும் சி.என்.சி மிஷினில் பீஸ் மாற்றி பட்டன் அழுத்தியவர், ஒர்க் ஆஃப்செட், டூல் ஆஃப்செட், அடிப்படை ஜி-கோடு கற்று, மிஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர் ஆகலாம். இரண்டு மூன்று மாதம் போதும். அசெம்பிளியில் காற்றழுத்தத்தில் ஓடும் நியூமாடிக் டூல் பிடித்தவர் மெயின்டனன்ஸ் பக்கம் போக நியூமாடிக்ஸும், மிஷினைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி-யின் அடிப்படையும் வேண்டும். 42 வயது வெல்டரை 'டேட்டா என்ட்ரி' வகுப்பில் உட்கார வைப்பது அவருடைய மூன்று மாதத்தைப் பாழாக்கும். அதைவிட, பைப்பைச் சாய்த்துப் பொருத்தி வெல்டு செய்யும் 6ஜி சோதனைக்குப் பழக்கினால் அவர் கைக்கு மதிப்பு கூடும்.

எந்தப் பயிற்சி மையத்திலும் சேர்க்கும் முன் நேரில் போய் மிஷின்களை எண்ணுங்கள். நான்கு மணி நேர வகுப்பு, பத்து பேருக்கு ஒரு மிஷின் என்றால், ஒருவர் கைக்கு மிஷின் வருவது நாளுக்கு 24 நிமிடம். ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு வந்தவரை எந்த ஃபோர்மேனும் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். போன பேட்ச்சில் முடித்த ஐந்து பேரின் இன்றைய வேலையைக் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகள், கிண்டியில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சிபெட்டின் பிளாஸ்டிக் பயிற்சிகள், டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து மேம்படுத்தப்பட்ட 71 அரசு ஐ.டி.ஐ-கள் என்று பார்க்க இடமுண்டு.

பத்தாவது முடித்து 15 ஆண்டு வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் ஏராளம். இவர்கள் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ-யில் உட்கார வேண்டியதில்லை. குறைந்தது 3 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்பு ஆண்டுக்கு ஒருமுறை வரும், மாவட்ட அரசு ஐ.டி.ஐ-யில் விசாரிக்கலாம். அங்கேயும் கேட்பது அந்த அனுபவச் சான்றிதழைத்தான். வயரிங் வேலையில் 5 ஆண்டு கடந்தவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வும் உண்டு.

இன்டர்வியூவில் எங்கே சறுக்குகிறார்கள்

வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில். பல ஆண்டு, அளவு சரியா தவறா என்று மட்டும் காட்டும் கோ, நோ-கோ கேஜை மட்டும் நுழைத்துப் பார்த்தவர்களுக்கு வெர்னியர் படிப்பது மறந்திருக்கும். பரிசோதகர் ஒரு துண்டைக் கொடுத்து 'அளந்து சொல்லுங்க' என்றதும் கை நடுங்கும். 0.02 மி.மீ வெர்னியர் ஒன்று, 0.01 மி.மீ மைக்ரோமீட்டர் ஒன்று, ஐந்தாறு உலோகத் துண்டு, இரண்டு பழைய டிராயிங் இருந்தால் போதும். சங்க அலுவலகத்திலேயே இரண்டு மாலை பழக்குங்கள். அளக்கும் முன் ஜீரோ எரர் (மூடிய நிலையில் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று) பார்க்கிற பழக்கத்தைச் சேர்த்துப் பழக்குங்கள். பரிசோதகர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். பெரிய ஆலையில் நிரந்தரமாக இருந்தவருக்கு முதலில் வரும் வேலை பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே இருக்கலாம். பெரிய லைன்களுக்கு 20 வயதுப் பயிற்சியாளர்கள்தான் வேண்டும். 40 தாண்டியவர்களை மதிப்பவை திருமுடிவாக்கம், அம்பத்தூர், ஓசூர் சிட்கோ பக்கத்துச் சிறு, நடுத்தர யூனிட்கள். ஆள் பழக்க அவர்களுக்கு நேரமில்லை, வந்த அன்றே மிஷினை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். இவர்கள் விளம்பரம் கொடுப்பதும் அரிது. 10 யூனிட்டுக்கு நேரில் போய் ஓனரிடமோ சூப்பர்வைசரிடமோ திறன் தாள்களைக் கொடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போங்கள். எங்கேயும் வேலைக்கு முன்பணம் கட்டாதீர்கள். வெளிநாடு என்றால், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி-யும்தான்.

செட்டில்மென்ட் பணம்

பணம் வந்த வாரமே சீட்டுக் கம்பெனிக்காரர், ரியல் எஸ்டேட்காரர், 'மாதம் பத்து சதவீதம் வட்டி' என்பவர் எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். ஆறு மாத வீட்டுச் செலவையும் இ.எம்.ஐ-யையும் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைத் தேசிய வங்கியில் மூன்று மாத டெபாசிட்டில் போடட்டும். மூன்று மாதம் கையை வைக்காமல் இருந்தாலே பாதித் தவறுகள் நடக்காது. இ.எம்.ஐ தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்ப்பது நல்லது.

சொந்தத் தொழில் செய்ய விரும்புபவரை மாவட்ட தொழில் மையத்துக்கு அழைத்துப் போங்கள். பி.எம்.இ.ஜி.பி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு மானியத்தோடு வங்கிக் கடன் உண்டு. தன் செட்டில்மென்ட் முழுவதையும் மிஷினில் போட்டுவிட்டு, ஆர்டருக்கு 90 நாள் கழித்துப் பணம் வரும் என்பதை அப்புறம் தெரிந்துகொண்டு முடங்குபவர்கள் அதிகம். மிஷின் விலைக்கு மேல் மூன்று மாத மூலப்பொருள், கூலி, கரன்ட் பில்லுக்குப் பணம் ஒதுக்கியிருந்தால் மட்டும் இறங்கட்டும்.

மூன்றாவது மாதம்

ஒரு நோட்டில் எல்லோர் பெயரும் எழுதி, 30, 60, 90-ஆம் நாள் போன் போடுங்கள். வேலை கிடைத்ததா, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், இ.எஸ்.ஐ மனு எந்த நிலையில் என்று நான்கே கேள்வி. வேலை கிடைத்தவரிடம் அந்தக் கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று ஐந்தாவதாகக் கேளுங்கள். அடுத்தவருக்கு வேலை பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும்.

முதல் மாதம் நன்றாகப் பேசிவிட்டு மூன்றாவது மாதம் போனை எடுக்காதவர் இருப்பார். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் பிடித்தவருக்கு, பகலில் வீட்டில் இருப்பதே பெரிய பாரம். மறுபடி போன் அடித்துக்கொண்டிருக்காமல், அதே ஷிஃப்ட்டில் வேலை செய்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். மனம் உடைந்திருந்தால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு உங்கள் போனிலிருந்தே பேசிக் கொடுங்கள். திரும்பும்போது அவருடைய திறன் தாளின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் போகும் யூனிட்டில் அதை முதலில் கொடுங்கள்.