ஏஜென்ட்டுக்கு டூல் டாக்குமென்ட் எழுதுறவங்க பண்ற தப்புகள்

ஒரு ஏஐ ஏஜென்ட் (நமக்காக தானே வேலைய செஞ்சு முடிக்கற ஏஐ) கையில டூல் (அது கூப்பிட்டு பயன்படுத்தற ஃபங்ஷன்) குடுக்கும்போது அந்த டூல பத்தி அதுக்குத் தெரியுறது டூலோட பேரு, ஒரு டிஸ்க்ரிப்ஷன், என்னென்ன இன்புட் வேணும்னு சொல்ற ஜேசன் ஸ்கீமா, பெரும்பாலும் அவ்ளோதான். 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (மாடலே டூல கூப்பிட கேக்கற வசதி) விட்டப்பவும் சரி, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபி (ஏஐயையும் டூலையும் இணைக்கற பொது முறை) கொண்டு வந்தப்பவும் சரி, அடிப்படை இதேதான். உள்ள இருக்கற கோட் அதுக்குத் தெரியாது, பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட "இது என்னங்க"ன்னு கேக்கவும் முடியாது.

நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா, டூலுக்கு "கெட் டேட்டா"ன்னு பேரு வச்சு, டிஸ்க்ரிப்ஷன்ல "டேட்டாவை எடுக்கும்"னு எழுதிட்டு போயிடறாங்க. மளிகை டப்பா மேல "பொருள்"னு லேபிள் ஒட்டின மாதிரி. என்ன டேட்டா, எப்போ கூப்பிடணும், எப்போ கூப்பிடக்கூடாது, எதுவுமே இல்ல. இதுல "சர்ச் ஆர்டர்ஸ்", "ஃபைண்ட் ஆர்டர்ஸ்", "லிஸ்ட் ஆர்டர்ஸ்"னு ஒரே மாதிரி மூணு டூல் வேற இருந்தா, ஏஜென்ட் குத்துமதிப்பா ஒண்ண எடுக்கும். ஆர்டர் நம்பர் தெரிஞ்சா இது, கஸ்டமர் போன் நம்பர் மட்டும் இருந்தா அதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி போதும், இல்ல மூணையும் ஒண்ணாக்கிடுங்க, அதுதான் இன்னும் நல்லது.

என்ன கேட்டா இருக்கறதுலயே காஸ்ட்லியான தப்பு யூனிட் எழுதாம விடறதுதான். ரேஸர்பேங்கற பேமென்ட் கம்பெனியோட ஏபிஐல (மத்த சாஃப்ட்வேர் அத கூப்பிடற வழி) அமவுண்ட்ட பைசாலதான் குடுக்கணும், 500 ரூபாய்க்கு 50000. இதுக்கு மேல நீங்க ஒரு டூல் கட்டி, ஸ்கீமால "அமவுண்ட்: நம்பர்"னு மட்டும் போட்டு விட்டா, யூசர் 500 ரூபாய் ரீஃபண்ட் பண்ண சொல்ல, ஏஜென்ட் 500னு அனுப்பும், போறது அஞ்சு ரூபா. எரர் கூட வராது, ஏன்னா 500ங்கறதும் சரியான நம்பர்தானே. ஸ்ட்ரைப்ங்கற இன்னொரு பேமென்ட் கம்பெனியிலயும் இதே சின்ன யூனிட் கணக்குதான், ஆனா ஜப்பான் யென் மாதிரி சில கரன்சிக்கு அப்படி இல்ல, யென்ல 500னா 500 யென்தான், அதுக்குக் கீழ காசே கிடையாது. இந்த மாதிரி விதிவிலக்க எல்லாம் அந்த ஃபீல்டோட டிஸ்க்ரிப்ஷன்லயே எழுதணும், எங்கயோ ஒரு விக்கி பேஜ்ல இருந்து புண்ணியமில்ல. பேர "அமவுண்ட் இன் பைசா"ன்னே வச்சிட்டா இன்னும் நிம்மதி. தேதியும் இப்படித்தான், 03/04/2025ன்னா ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ? 2025-04-03னு ஒரு உதாரணத்தோட ஃபார்மட்ட சொல்லிடுங்க, எந்த டைம்ஸோன்ங்கறதையும் சேர்த்து.

அடுத்தது எரர் மெசேஜ். இதையும் டாக்குமென்ட்டேஷன்ல சேர்த்தின்னு நிறைய பேர் நினைக்கறதே இல்ல. ஏஜென்ட் எரர படிச்சுதான் அடுத்த கால் போடும், "400 பேட் ரிக்வெஸ்ட்"னு மொட்டையா வந்தா திரும்ப திரும்ப முட்டிக்கிட்டு டோக்கன (ஏஐ படிக்கற, எழுதற டெக்ஸ்ட்ட அளக்கற கணக்கு) தின்னும். "ஸ்டேட்டஸ் தப்பு, பெண்டிங், ஷிப்டு, கேன்சல்டு இதுல ஒண்ணுதான் செல்லும்"னு சொன்னா அடுத்த தடவையே சரி பண்ணிக்கும். டைம்அவுட் ஆனா மறுபடி கூப்பிடலாமா, கூப்பிட்டா பணம் ரெண்டு தடவ போகுமான்னும் எழுதணும், இத விட்டவங்கதான் அதிகம்.

கமாண்ட் லைன் டூல்னா (கமாண்ட் டைப் பண்ணி ஓட்டறது) கேள்வி கேட்டு நிக்கற இடத்த எல்லாம் சொல்லிடுங்க, இல்லன்னா ஏஜென்ட் அங்கயே மாட்டிக்கும். கோட் மாத்தத்த பதிவு பண்ற "கிட் காமிட்"ட மெசேஜ் இல்லாம போட்டா எடிட்டர் திறந்துட்டு உக்காந்துக்கும், புது ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கற "என்பிஎம் இனிட்" வரிசையா கேள்வி கேக்கும், ரெண்டுக்கும் வழி இருக்கு, முதலாவதுக்கு மைனஸ் எம் (-m), ரெண்டாவதுக்கு மைனஸ் ஒய் (-y) சேர்த்துக்கணும். உங்க டூலுக்கும் அப்படி ஏதாச்சும் இருந்தா முதல் பத்தியிலயே வரட்டும்.

இதெல்லாம் கேட்டுட்டு பத்து பக்கம் எழுதி கொட்டிடாதீங்க, டிஸ்க்ரிப்ஷன் எல்லாமே கான்டெக்ஸ்ட்ல (ஏஐ ஒரே நேரத்துல பாக்கக்கூடிய டெக்ஸ்ட்) இடம் பிடிக்கும், நாப்பது டூல் இருந்தா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாதி மூட்டை ஏறிடும்.

டெலீட் பண்ற டூலுக்கு அழிச்சா திரும்ப வராதுன்னு தெளிவா எழுதுங்க. எம்சிபில இதுக்குன்னே ரீட்ஒன்லி ஹின்ட், டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்னு குறிப்புகள் இருக்கு. ஆனா பேருல இருக்கற மாதிரி அது வெறும் ஹின்ட்தான், யாரையும் தடுக்காது, அதனால பர்மிஷன் செக் சர்வர் பக்கம் தனியா இருந்தே ஆகணும்.