ஒரு பிள்ளை 'எல்லாரையும் சுடுவன்' என்று சொன்னால்: கேட்டவர் செய்யவேண்டியவை

வெள்ளவத்தையில் ஒரு கலவன் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்தவர்களில் பலர் இப்போது ரொறன்ரோவிலும் ஹூஸ்டனிலும் நியூ ஜேர்சியிலும் குடும்பமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள், துப்பாக்கியோடு யாராவது பாடசாலைக்குள் புகுந்தால் என்ற பயத்தில், வகுப்பறைக் கதவைப் பூட்டி, லைட்டை நிறுத்தி, மேசைக்குக் கீழே மூச்சுக்காட்டாமல் இருக்கப் பழகுகிறார்கள். "டீச்சர், நாங்கள் என்னதான் செய்யலாம்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்காக இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, முக்கால்வாசி கொழும்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பொருந்தும் என்று பட்டது.

இங்கே நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் பெரும்பாலும் பாதாளக் குழுக்களின் பழிவாங்கல். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தடுப்பது பொலிஸின் பொறுப்பு. நான் சொல்வது மற்ற வகையைப் பற்றி. மனம் கசந்துபோன ஒருவன் பாடசாலைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ புகுந்து அகப்பட்டவர்களையெல்லாம் கொல்ல நினைப்பது. அதில் நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவன் யாரிடமாவது சொல்லியிருப்பான். 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பாடசாலைகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு இரகசியச் சேவையும் (ஜனாதிபதியின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு) கல்வித் திணைக்களமும் சேர்ந்து ஆராய்ந்தன. ஐந்தில் நான்கில், ஒருவருக்காவது விஷயம் முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் கூட்டாளிமார், கூடப் படிக்கிறவர்கள், கூடப்பிறந்தவர்கள். 2021இல் அதே சேவை, நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களைப் பார்த்தது. அங்கேயும் முதலில் கவனித்தவர்களில் அதிகம் பேர் பிள்ளைகள்தான். ஆகவே கமராவுக்கும் மதிலுக்கும் காசு சேர்க்க முதல், பிள்ளை பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய ஒரு பெரிய ஆள் பாடசாலையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

வந்து சொல்வது லேசில்லை. ஒருநாள் இடைவேளை மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போனபின்னும் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி என் அறை வாசலில் கழுத்துப்பட்டியின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். வகுப்புப் பையன் ஒருவன் ராத்திரி போட்டு, விடிய முதல் அழித்த ஸ்டேட்டஸை அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். மூன்று பெயர்கள். பரிசளிப்பு விழாவுக்கு அவர்கள் இருக்கமாட்டார்கள் என்று ஒரு வரி. "மிஸ், நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

அந்த இடத்தில் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். "அவனிட்ட உன்ர பெயர் போகாது மகள், அதிபரிட்டச் சொல்லத்தான் வேணும்" என்று சொன்னேன். அவள் சொன்ன சொற்களை அப்படியே, என் விளக்கம் சேர்க்காமல், திகதியோடு எழுதினேன். பிறகு, விஷயத்தைக் கவனித்துவிட்டோம் என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற பிள்ளை அடுத்தமுறை வராது.

இனி, சொன்னதை நிறுத்துப் பார்க்க வேண்டும். "கொன்னுபோடுவன்" என்பது நம் வீடுகளில் தினமும் விழுகிற சொல். வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் டூயி கோர்னெல் குழுவினர் உருவாக்கிய முறையும், ஆத்திரத்தில் வந்துபோகிற பேச்சையும் உண்மையான மிரட்டலையும் பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஆள், நாள், இடம் சொல்லப்பட்டதா? ஆயுதம் பற்றி விசாரித்தானா, கைக்கு எட்டுமா? முன்பு இப்படிக் கொன்றவர்களைப் புகழ்கிறானா? தன் பொருட்களை ஆட்களுக்குக் கொடுக்கிறானா, விடைபெறுவதுபோலப் பேசுகிறானா? அண்மையில் பெரிய அவமானமோ இழப்போ நடந்ததா? ஒன்றுக்கு மேல் 'ஓம்' என்றால் அன்றைக்கே பெற்றோர், அதிபர், வைத்தியர் மூவரும் அறியவேண்டும். ஆளும் நாளும் ஆயுதமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பொலிஸ்.

பையனிடம் பேசும்போது, "ஏன் இப்படி எழுதினாய்?" என்று தொடங்காதீர்கள். "என்ன நடந்தது தம்பி?" என்று கேளுங்கள். சாக நினைத்தாயா என்பதையும் நேராகவே கேளுங்கள். இப்படித் தாக்கியவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் தற்கொலையை நினைத்தவர்கள் அல்லது முயன்றவர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எங்கள் பையனை அந்த மூன்று பேரும் மாதக்கணக்காகக் கழிவறைக்குள் மறித்துவைத்து வதைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தினோம், அவனை வைத்தியரிடம் அனுப்பினோம், வகுப்பில் வைத்துக்கொண்டோம். இடைநிறுத்தி அனுப்பினால், அதே கோபத்தோடு, பார்ப்பார் இல்லாத வீட்டில் அவன் தனியே இருப்பான்.

ஆனால் பார்க்காமல் வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது அதைவிட ஆபத்து. 2021 நவம்பர் 30, மிச்சிகன் மாநிலத்தின் ஒக்ஸ்ஃபோர்ட் உயர்பாடசாலை. பையன் ஒருவன் கணிதத் தாளில் துப்பாக்கி வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்ததை ஆசிரியை கண்டார். பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக மறுத்தார்கள். புத்தகப்பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று மதியமே அவன் சுட்டான்; நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கி தகப்பன் நான்கு நாளைக்கு முன் வாங்கியது. 2024இல் தாய், தகப்பன் இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது.

அமெரிக்காவில் இருக்கிற என் பிள்ளைகளே, இதை வடிவாக வாசியுங்கள். மேலே சொன்ன 37 தாக்குதல்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவில், துப்பாக்கி சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுக்கப்பட்டது. வீட்டில் வைத்திருந்தால் பெட்டகத்தில் பூட்டுங்கள், தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள், இலக்கத்தைப் பிள்ளை ஊகிக்க முடியாததாக வையுங்கள். பிள்ளை மனம் உடைந்திருக்கிற காலத்தில் வீட்டைவிட்டே அகற்றுங்கள். நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பமுதல், "துப்பாக்கி இருக்குதா, பூட்டியிருக்குதா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 1999இல் கனெக்டிகட்டில் தொடங்கி, ஆபத்தான ஒருவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்க நீதிமன்றம் உத்தரவிடும் சட்டம் பல மாநிலங்களில் வந்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

துப்பாக்கியைப் பூட்டினாலும், நினைக்கிறவன் வேறு வழி தேடுவான் என்று சொல்வார்கள். நம் நாட்டின் அனுபவம் அப்படி இல்லை. 1995 தொடக்கம் கொடிய பூச்சிகொல்லிகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அடுத்த 20 வருடங்களில் தற்கொலை வீதம் நூற்றுக்கு 70 அளவில் குறைந்தது. கைக்கு எட்டாமல் செய்வது உயிர் காக்கும்.

சொன்ன தகவல் மேலே போய்ச் சேர்ந்ததா என்று பின்தொடருங்கள். 2018இல் புளோரிடாவின் பார்க்லண்ட் பாடசாலையில் 17 பேர் கொல்லப்பட முன், ஜனவரியிலேயே அந்த இளைஞனைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கு ஒருவர் அழைத்துச் சொல்லியிருந்தார். அது உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பப்படவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கு முன்னும் எச்சரிக்கை வந்திருந்தது என்பதைக் கொச்சிக்கடையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருவரிடம் சொல்லிப் பதில் வராவிட்டால் எழுத்தில் கொடுங்கள், இரண்டாவது ஆளிடமும் கொடுங்கள்.

எங்காவது சம்பவம் நடந்தால் வீடியோவையும் கொலைகாரன் படத்தையும் குடும்பக் குழுக்களில் பரப்பாதீர்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரடியாக ஒளிபரப்பியதே பரப்புவார்கள் என்று நம்பித்தான்.

இலங்கையில் உடனடி ஆபத்துக்கு 119, மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, மனம் உடைந்தவருக்கு 988. இந்த இலக்கங்களை ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டினால் போதாது. மாணவர் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அச்சடிக்கச் சொல்லி இந்தத் தவணையே அதிபரைக் கேளுங்கள்.